உள்ளே ஒன்றுமில்லை

முதலாளியின் சாப்பாட்டு டப்பாமேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ‘அபாயகரமான கழிவு. தொடாதே’ என்று அதில் இருந்த கையெழுத்து அவளுடையதுதான். ஒட்டிய கை அவளுடையது இல்லை.

“ஏம்மா, என் வீட்டுச் சமையலைப் பத்தி உனக்கு யாரு சொன்னது?” என்று முதலாளி டப்பாவைத் தூக்கிக் காட்டினார். பட்டறை முழுக்கச் சிரித்தது. அவள் ஸ்டிக்கரை உரித்தாள். நல்ல பசை. பாதி கையோடு வந்தது, பாதி டப்பாவோடு தங்கிவிட்டது.

இது யார் வேலை என்று விசாரிக்கவே வேண்டாம். பெயிண்ட் அறை வாசலில் நின்றுகொண்டு, பிறந்ததிலிருந்து ஒரு தப்பும் செய்யாதவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் சென்ட். சென்ட் என்பது அவருக்கு விழுந்த பட்டப்பெயர். கட்டிலுக்கும் பீரோவுக்கும் வார்னிஷ் அடிக்கிற ஸ்பிரே பெயிண்டர். தின்னர் நெடி அவர் சட்டையில் ஏறி, தோலில் ஏறி, எந்தச் சோப்புக்கும் அடங்காமல் போய்விட்டது. அவர் தெருமுனை திரும்பும்போதே வீட்டில் தட்டு எடுத்து வைத்துவிடுவார்களாம்.

அவளுக்கும் பட்டப்பெயர் வைத்தது அவர்தான். ஸ்டிக்கரம்மா. பட்டறையில் இப்போது அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்குமா என்பதே சந்தேகம்.

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவளும் போனாள். அவள் எழுதிய ஸ்டிக்கர்களில் ஒன்று அன்று மத்தியானமே அவள் கொழுந்தனின் உயிருக்கு உலை வைக்கப் பார்க்கும் என்று அப்போது அவளுக்கு என்ன தெரியும்? டப்பாவில் ஒட்டிய பாதி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் அங்கே சேர்ந்தது பில் போடும் வேலைக்கு. பில், போன், வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டுவது. அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அப்படி இருக்கும்போது அதிகாரிகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பட்டறையில் எது ஆபத்தான கழிவு, எது சாதாரணக் குப்பை என்று அடையாளம் கண்டு தனித்தனியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டுப் போட்டுவிடுவோம் என்று. முதலாளி கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லார் கையிலும் ஏதாவது ஒரு வேலை இருந்தது. அவள் கையில் மட்டும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குவளை.

“உனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கே. நீயே பார்த்துக்கோம்மா.”

முத்து முத்தான கையெழுத்தால் வந்த வினை. ஒருநாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். தீப்பிடிக்கக்கூடியது, அரித்துத் தின்னக்கூடியது, இன்னொன்றோடு சேர்ந்தால் சீறக்கூடியது, உடம்புக்குள் போனால் விஷமாகக்கூடியது என்று அங்கே ஒருவர் பலகையில் எழுதிப் போட்டார். அதுவரை அவள் கண்ணுக்குப் பட்டறை என்றால் கட்டில், மேசை, மரத்தூள். திரும்பி வந்த நாளிலிருந்து, ஒரு தலையில் பேன் பார்த்தவளுக்கு ஊரில் எல்லார் தலையும் அரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பார்த்த இடமெல்லாம் ஆபத்து. கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்.

“அண்ணே, இந்தத் துணிக் குவியல் என்ன?”

“அது ஒண்ணுமில்லம்மா. எண்ணெய்ப் பாலிஷ் துடைச்ச துணி.”

“இப்படிக் குவிச்சு வைக்கக் கூடாதாம். தானாவே சூடேறிப் பத்திக்குமாம்.”

“தானா பத்திக்கிட்டா நல்லதுதானே? தீப்பெட்டி மிச்சம்.”

முதலாளி தன் அறைக்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார். பக்கவாட்டில் வெடித்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

“சார், இது…”

“அது ஒண்ணுமில்ல.”

“உள்ள ஆசிட் இருக்கு சார்.”

“ஆசிட் இருக்கறதாலதான் கனமா இருக்கு. கனமா இருக்கறதாலதான் கதவு நிக்குது. உனக்கு என்னம்மா பிரச்சனை?”

அவள் ஸ்டிக்கர் ஒட்டினாள். கஸ்டமர் வந்துபோகிற இடம் என்று அவர் உரித்தார். மறுநாள் ஒட்டினாள். மறுநாளும் உரித்தார். பேட்டரி மட்டும் யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

கழிவறைக் கதவுக்குப் பின்னால் எரிந்துபோன டியூப் லைட்டுகள் கொத்தாக நின்றன. அவற்றை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, என்றைக்காவது உதவும் என்றார்கள். எரியாத டியூப் லைட் எதற்கு உதவும் என்று கேட்டதற்கு, இப்படியெல்லாம் கேட்டால் எப்படி என்றார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். கணவனிடம், “ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?” என்றால், “ஒண்ணுமில்ல.” கொழுந்தனிடம், “கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு, கண்ணாடி போடாம வெல்டிங் வெச்சியா?” என்றால், “ஒண்ணுமில்ல அண்ணி.” கொழுந்தன் அதே தெருவில் நாலைந்து கடை தள்ளி வெல்டிங் ஷெட் வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்து கொடுக்கிறவன், சொந்த வீட்டுக் குளியலறையில் தண்ணீர்த் தொட்டி ஒழுகி ஒழுகி வீடே நனைகிறது, அதற்கு ஒரு வழி செய்ய மாட்டேன் என்கிறான். கேட்டால், “நாளைக்கு அண்ணி.” அவனுடைய நாளை எந்தக் காலண்டரிலும் கிடையாது. அன்று காலையிலும் தரையைத் துடைத்துப் பிழிந்துகொண்டே அவள் கத்திவிட்டுத்தான் வந்தாள்.

“ஒரு பழைய டிரம்மைப் பாதியா வெட்டிக் குடுத்தாக்கூடப் போதும்டா சாமி! அதுல தண்ணி பிடிச்சு வெச்சுக்கறேன்!”

“சரி அண்ணி, சரி. இன்னிக்கே பண்றேன். கத்தாதீங்க.”

அப்படிச் சொல்லிவிட்டு அவன் செய்ததே இல்லை என்பதால் அவளும் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு டப்பா விவகாரத்துக்குப் பிறகு அவள் பெயிண்ட் அறைக்குப் பின்பக்கம் போனாள். மறுநாள் கழிவு எடுக்கிற வண்டி வருகிறது. ஸ்டிக்கர் இல்லாத எதையும் வண்டிக்காரர் தொட மாட்டார். சுவர் ஓரமாக ஒரு தின்னர் டிரம் நின்றது. மேலே இருக்கும் திருகு மூடியைக் காணோம்.

“அண்ணே, இந்த டிரம்முல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல” என்றார் சென்ட்.

“ஒண்ணுமில்லன்னா?”

“ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. தின்னர் தீர்ந்துபோச்சு. காலி.” விரல் முட்டியால் தட்டினார். டிரம் நீளமாக ஒலித்தது. “கேட்டீங்களா, காலிச் சத்தம்.”

“மூடி எங்க?”

“அதுலதானே கலர் கலக்கறேன்.”

அவளுக்கு வகுப்பில் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால் சரியாகவே சொன்னாள். ஆனால் சொன்ன வார்த்தை காலை வாரிவிட்டது.

“நிறைஞ்ச டிரம்மைவிடக் காலி டிரம்தான் மோசமாம் அண்ணே. தின்னர் போனாலும் உள்ள ஆவி இருக்கும்.”

சென்ட் ஸ்பிரே துப்பாக்கியைக் கீழே வைத்தார். இப்படி ஒரு வாய்ப்புக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர்போல முகம் மலர்ந்தது.

“என்ன இருக்கும்?”

“ஆவி.”

“யாரோட ஆவி?”

அந்தப் பக்கம் மரம் இழைத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்தினார்கள். பட்டறையில் கரண்ட் போனால்கூட இவ்வளவு சீக்கிரம் மெஷின் நிற்காது.

“அந்த ஆவி இல்லண்ணே…”

“எங்க மாமியாரா இருந்தா சொல்லிடுங்க ஸ்டிக்கரம்மா. இப்பவே கலரைக் கொட்டிட்டு மூடியை இறுக்கிடறேன். வெளிய மட்டும் விட்டுடாதீங்க!”

யாரோ ஒருவர் மரக்குவியலுக்குப் பின்னால் இருந்து ஊளையிட்டார். அவளுக்குக் காது மடல் சுட்டது. தின்னர் காற்றோடு கலந்து உள்ளே நிற்கும், ஒரு பொறி பட்டால் போதும் என்று சொல்ல வாய் எடுத்தாள். மறுபடியும் ஒரு ஊளை. இதற்குமேல் இவர்களிடம் பேசினால் தொண்டைத் தண்ணீர்தான் வற்றும்.

“சரிண்ணே. நீங்க சொல்றதையே எழுதிடறேன்.”

வெள்ளை ஸ்டிக்கரை எடுத்தாள். முத்து முத்தாக, ‘உள்ளே: ஒன்றுமில்லை’ என்று எழுதினாள். டிரம்மின் வயிற்றில் ஓங்கி ஓர் அறை அறைந்து ஒட்டினாள்.

அது ஒரு குத்தல். நீ சொன்ன லட்சணத்தை நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஆனால் குத்தலுக்குக் குரல் வேண்டும், முகம் வேண்டும். ஸ்டிக்கருக்கு இரண்டும் கிடையாது. சென்ட் குனிந்து படித்தார். “இப்பத்தான் உருப்படியா எழுதியிருக்கீங்க” என்று உண்மையிலேயே மெச்சிக்கொண்டார்.

எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று அவள் மேசைக்குப் போய் பில்லை எடுத்துவைத்துக்கொண்டாள். வேகமாகப் போட்ட பில்லெல்லாம் தப்பாகப் போயிற்று. கிழித்துப் போட்டு மறுபடியும் போட்டாள். சாப்பிட்டாள். கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு, என்ன இருந்தாலும் அந்த ஸ்டிக்கரை அப்படி விட்டது சரியில்லை என்று பட்டது. சிவப்பு ஸ்டிக்கரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

டிரம்மைக் காணோம். அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு சுத்தமான தரை மட்டும் இருந்தது.

“அண்ணே, டிரம் எங்க?”

“உங்க கொழுந்தன் வந்து உருட்டிக்கிட்டுப் போனாரே. தொட்டி வெட்டணுமாம். அண்ணி காலையில கத்திட்டாங்கன்னார்.”

“வெட்டறதுக்கா? நீங்க குடுத்தீங்களா?”

“நான் எங்க குடுத்தேன்? உள்ள ஏதாவது இருக்கான்னு கேட்டார். உங்க அண்ணியே எழுதி ஒட்டியிருக்காங்க, படிச்சுக்கோன்னேன். படிச்சார். எடுத்துக்கிட்டார்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாச்சு ஸ்டிக்கரம்மா? ஒண்ணுமில்லல்ல?” என்றார்.

அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

ஓடிக்கொண்டே போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எங்கே எடுப்பான்? கிரைண்டர் சத்தத்தில் காதுக்குள் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. ஒருநாளும் சொன்ன பேச்சைக் கேட்காதவன், மாதக்கணக்காக நாளை நாளை என்றவன், இன்றைக்குப் பார்த்தா நல்ல பிள்ளையாக வேண்டும்! எதிரே ஒரு சைக்கிள்காரர் திட்டினார். ஒரு கால் செருப்பு எங்கேயோ நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. உள்ளே ஒன்றுமில்லை, உள்ளே ஒன்றுமில்லை என்று அவளுடைய கையெழுத்தே கூட ஓடிவந்தது.

ஷெட்டுக்குள்ளிருந்து நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு அவன் குனிந்திருந்தான். பொறி நாலாபக்கமும் தெறித்தது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, “தம்பி! தம்பி!” என்று கத்தினாள். அவன் திரும்பவே இல்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால் திடுக்கிட்டுக் கையை எங்காவது வைப்பான். கதவோரச் சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

வெளிச்சம் செத்தது. மெஷினின் உறுமல் நின்றது. மேலே ஓடிய மின்விசிறி மட்டும் மெல்லச் சுற்றிச் சுற்றி அடங்கியது.

அவன் முகமூடியைத் தூக்கினான். “யார்ரா அது… அண்ணியா? என்ன அண்ணி இது? பாதி வெல்டிங்ல! இந்தக் கேட்டுக்கு ஆள் வந்து உட்கார்ந்திருக்கார், டீ குடிக்கப் போயிருக்கார், இப்ப வந்துடுவார்…”

“அந்த டிரம்மை விட்டு வெளிய வாடா!”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, காலையில் கத்திய ‘டா சாமி’ போன்ற செல்ல டாக்களைத் தவிர, கோபத்தில் அவள் அவனை டா போட்டதில்லை. அவன் வாயைப் பிளந்தபடி நின்றான்.

“எந்த டிரம்? நான் இன்னும் டிரம்முக்கே வரலையே. அதை அப்புறம்தான் வெட்டணும். இப்ப ஸ்டூலு பத்தலைன்னு கேட்டுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்.”

அப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். இரும்புக் கேட்டின் ஒரு பக்கத்தை மர ஸ்டூல் தாங்கியது. மறுபக்கத்தைத் தாங்கியது டிரம். மூடியில்லாத துளை மேலே பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிலும், கையெட்டும் தூரத்தில், வெல்டிங்கிலிருந்து விழுந்த பொறிகள் கருகிக் கறுப்புப் புள்ளிகளாகக் கிடந்தன. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அவளுக்கு டிரம்மும் இல்லை, கொழுந்தனும் இல்லை. வெட்டாமலே வெடித்திருக்கும். இவன் இன்னும் டிரம்முக்கே வரவில்லையாம்.

அவளுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அதுல என்ன இருக்கு தெரியுமா உனக்கு?”

“ஒண்ணுமில்ல. நீங்கதானே எழுதியிருக்கீங்க.” டிரம்மின் வயிற்றைச் சுட்டி அவளுடைய முத்துகளையே அவளுக்குக் காட்டினான். “உங்க எழுத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன் அண்ணி. அந்தப் பெயிண்டர் சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேன்.”

பட்டறையில் ஒருவர்கூட மதிக்காத எழுத்தை இவன் ஒருவன் நம்பியிருக்கிறான். நம்பிய ஒரே எழுத்தும் பொய்.

“கேட்டைக் கீழ இறக்கு. மெதுவா. இரும்போட இரும்பு உரசாம. இப்ப அந்தத் துளைகிட்ட மூக்கை வை. ரொம்பக் கிட்ட வேணாம்.”

அவன் அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே குனிந்தான். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமினான். பிறகு திரும்பி, வெல்டிங் கம்பி செருகிய இடுக்கியை எடுத்துப் பார்த்தான். துளையைப் பார்த்தான். கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தான். இடுக்கியைத் தரையில் வைக்கக்கூடப் பயந்தவன்போலத் தள்ளிப் போய் வாசலில் வைத்தான். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

“காலின்னா காலின்னு நினைச்சேன் அண்ணி.”

“நானும் எழுதக் கூடாததை எழுதிட்டேன்” என்றாள் அவள். டீ குடிக்கப் போன ஆள் அதற்குள் வந்துவிட்டார். தன் கேட் ஏன் தரையில் கிடக்கிறது என்று கேட்டார்.

டிரம்மை நிமிர்த்திப் பிடித்து இருவருமாகக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் சிகரெட்டும் கையுமாக நின்றவரைப் பார்த்து அவள் போட்ட கத்தலில் அவர் சிகரெட்டைப் போட்டு மிதித்துவிட்டு எதற்கென்று தெரியாமல் மன்னிப்பும் கேட்டார். பட்டறைக்குப் பின்னால், யாரும் புழங்காத நிழலில் டிரம்மை இறக்கினார்கள். அவள் நேராகச் சென்ட்டிடம் போய்க் கையை நீட்டினாள்.

“மூடியைக் குடுங்க.”

“அதுல கலர் இருக்கே…”

“குடுங்கண்ணே!”

கொடுத்தார். கொழுந்தன் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டியது. ஆனாலும் மனிதரால் சும்மா இருக்க முடியவில்லை.

“நல்லவேளை, ஒண்ணும் ஆகலையே” என்றார்.

முதலாளியும் வந்து பார்த்தார். அவரும் அதையே சொன்னார். “ஒண்ணும் ஆகல இல்ல? விடும்மா. தண்ணி குடி.”

வெடித்திருந்தால் அவள் சொன்னது சரி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். வெடிக்காமல் தடுத்துவிட்டதால் அவள் சும்மா கத்தியவள் ஆனாள். இந்த வேலையில் இருக்கிற அநியாயமே இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. பழைய ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தாள். ‘உள்ளே’ வந்தது. ‘ஒன்றுமில்லை’ வர மறுத்தது. அதன்மேலேயே சிவப்பு ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினாள். பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடியும் சென்ட்டின் முன்னால் போய் நின்றாள். இந்த முறை கேள்வியை மாற்றிவிட்டாள்.

“இதுல என்ன இருக்குன்னு நான் கேட்கல. கடைசியா என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க.”

“தின்னர்.”

“அந்தத் துணியில?”

“எண்ணெய்ப் பாலிஷ்.” அவர் குரல் இறங்கியிருந்தது. தானாகவே, “அந்தச் சின்ன டின்னுல பெயிண்ட் உரிக்கிற ரிமூவர் இருந்துச்சு. அதையும் எழுதிக்கோங்க” என்றார். ஆவியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அவள் முதலாளியின் அறைக்குப் போனபோது முதலாளியே பேட்டரியைச் சுட்டிக்காட்டி, “கடைசியா ஆசிட்” என்றார். ஆனால் கதவுக்கு வேறு முட்டுக் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்றும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது குளியலறையிலிருந்து தண்ணீர் வழக்கம்போல ஹாலுக்கு வந்து வரவேற்றது. துடைத்துப் பிழிந்து, தட்டு வைத்தாள். அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தம்பி ஒரு வாய்கூட எடுக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் அவளுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

“என்னாச்சு உங்க ரெண்டு பேருக்கும்?” என்று கணவன் கேட்டான்.

“ஒண்ணுமில்லண்ணா” என்றான் தம்பி.

அவளுக்கும் அதே வார்த்தைதான் வாய் வரைக்கும் வந்து நின்றது. வெளியே வர இருந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள். கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் இருவரும் நிமிர்ந்தார்கள்.

“ஒண்ணுமில்லையா? ஒண்ணுமில்லையாடா? சொல்றேன் கேளுங்க.”

சாப்பாட்டு டப்பாவில் தொடங்கினாள். ஆவியைச் சொன்னாள். ஊளையைச் சொன்னாள். தான் எழுதி ஒட்டியதையும் விடாமல் சொன்னாள். அந்தக் கறுப்புப் புள்ளிகளைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தினாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னாள். சாப்பாடு ஆறிப்போயிற்று. கணவன் ஒரு கட்டத்தில் கையை நீட்டித் தம்பியின் தோளைப் பிடித்தவன் பிறகு எடுக்கவே இல்லை.

எல்லாம் சொல்லி முடித்து அவள் மூச்சு வாங்கினாள். குளியலறையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கணவன் தொண்டையைச் செருமினான்.

“அப்போ… அந்தத் தொட்டி?”

அவள் அவனைப் பார்த்தாள். தம்பியையும் பார்த்தாள்.

“நாளைக்கு அண்ணா” என்றான் தம்பி.